குரல் கொடுத்தவள்

ஜெர்சி சிட்டியில் அந்தப் பழைய கட்டடத்தின் வாசலில் யார் பொத்தானை அமுக்கினாலும், மூன்றாம் மாடியில் கயலின் வீட்டுச் சுவரில் இருக்கும் இண்டர்காம் பெட்டி காட்டுக்கத்தலாகத்தான் கத்தும். தபால்காரன், பீட்சாக்காரன், தப்பான வீட்டுக்கு வந்தவன், எல்லோருக்கும் ஒரே கர்ரென்ற சத்தம். அந்த ஜனவரி செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு அது அப்படிக் கத்தவில்லை. பக்கத்து அறையில் யாரோ தொண்டையைச் செருமிக்கொள்கிற மாதிரி, மரியாதையாக, இரண்டு தடவை உறுமிவிட்டு நின்றது.

கயல் அப்போது கோட்டு அலமாரிக்குள் நின்று பாடிக்கொண்டிருந்தாள். விளையாட்டில்லை. மைக் இல்லாமல் மூவாயிரம் பேர் கொண்ட அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பழக்கப்பட்ட தொண்டை அது. அதை இரண்டு அறை வீட்டில் திறந்துவிட்டால் கீழ்வீட்டு ருக்மிணி ஆன்ட்டி துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பாள். அதனால் கம்பளிக் கோட்டுகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே முகத்தைப் புதைத்துக்கொண்டு, அந்துருண்டை வாசனையை நெஞ்சு நிறைய இழுத்து, இத்தாலிய மொழியில் ஒரு ராஜகுமாரியின் சாபத்தைக் கோட்டுப் பைகளுக்குப் பாடிக் காட்டுவாள். ஆறு வருஷமாக இதுதான் அவளுடைய மேடை. நினைக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? ஆறு வயதில் ஈரோட்டிலிருந்து டெக்சாஸுக்கு வந்தவள். டாக்டர் சேனாபதியின் ஒரே மகள் மெடிக்கல் காலேஜுக்குப் போகாமல் ஆப்பரா படிக்கப் போனதை அங்கே காப்பெல் ஊர்த் தமிழர்கள் இன்னும் துக்கம் விசாரிக்கிற தொனியில்தான் பேசுவார்கள். எட்டு வருஷப் படிப்பு, நாலு மொழி, அலமாரி கொள்ளாத பரிசுகள். கடைசியில் மன்ஹாட்டனில் ஒரு பெரிய ஆப்பரா கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது, கவராக. கவர் என்றால் நாயகிக்கு உடம்பு முடியாமல் போனால் மட்டும் மேடையேறுகிற மாற்றுப் பாடகி. நாயகியின் பாட்டெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும், இடுப்பில் பேஜர் இருக்க வேண்டும், தியேட்டரிலிருந்து அரைமணி தூரத்துக்கு மேல் நகரக் கூடாது. ஒத்திகையில்கூட முழுக்குரலில் பாடக் கூடாது. "மார்க்" பண்ண வேண்டும், அதாவது உதட்டளவில் முணுமுணுத்துக் குரலைச் சேமிக்க வேண்டும். எந்த நாளுக்காகச் சேமிப்பது என்று யாரும் சொல்லவில்லை. நாயகிகளுக்கோ ஜலதோஷம்கூட வருவதில்லை. சரி, சின்ன வேஷமாவது கொடுங்கள் என்று போய் நின்றால் அடிமைப்பெண், குறிசொல்கிறவள். உன் முகத்துக்கு அதுதான் நம்பும்படி இருக்கும் என்று ஒரு டைரக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அலமாரியை விட்டு வெளியே வந்து பெட்டியின் பொத்தானை அமுக்கினாள். இரைச்சல். இரைச்சலுக்குள் ஒரு பெண். குரல் என்று அதைச் சொல்ல முடியாது. சளி கட்டிய தொண்டைக்குள் உரசிக்கொண்டு வருகிற வெறும் காற்று.

"அக்கா... யாராச்சும் இருந்தா குரல் குடுங்கக்கா."

தமிழ். அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை. ருக்மிணி ஆன்ட்டி வீட்டுக்குச் சுண்டல் கொடுக்கவும் சினிமா கேசட் வாங்கவும் வருகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது இவளுடைய பொத்தானைத்தான் அமுக்குவார்கள்.

"தப்பான பட்டன். ருக்மிணி ஆன்ட்டி செகண்ட் ஃப்ளோர்."

"குரல் குடுங்கக்கா."

"சரி சரி, நானே குரல் குடுக்கறேன். அங்கயே நில்லுங்க."

படிக்கட்டில் நின்று ஆன்ட்டியைக் கூப்பிடுகிறேன் என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். டெக்சாஸ் வீட்டில் மாடிப்படி அடியில் நின்று, "ஏதாச்சும் வேணும்னா குரல் குடு கண்ணு" என்று அம்மா தினம் தினம் சொல்லி, கூப்பிடுவதற்குத் தமிழில் அவளுக்கு வேறு வார்த்தையே வராது. ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இரைச்சல் சட்டென்று அடங்கியது.

"நெசமாவே குடுக்கறீங்களா?"

"குடுக்கறேன்னுதானே சொல்றேன். எத்தனை தடவை சொல்றது?"

"சரிங்கக்கா," என்றது காற்று.

கயல் கதவைத் திறந்து, "ஆன்ட்டி, உங்களுக்கு ஆள் வந்திருக்காங்க," என்று படிக்கட்டுக்குள் கத்தினாள். பதில் இல்லை. ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தாள். வாசற்படியில் யாரும் இல்லை. காலையில் பெய்த பனி மேல்படியில் கலையாமல் கிடந்தது. சனியன்கள், என்று முணுமுணுத்துவிட்டு அலமாரிக்குத் திரும்பினாள்.

மறுநாள் புதன்கிழமை பேஜர் துடித்தது. கூப்பிட்டுக் கேட்டால், நாயகிக்கு மூச்சுக்குழாயில் சளியாம், ஒரு வாரம் வாய் திறக்கக் கூடாதாம். சனிக்கிழமை மத்தியான ஆட்டம் உன்னுடையது, பனி அதிகம் என்பதால் பதினோரு மணிக்குக் கார் அனுப்புகிறோம் என்றார்கள். கயல் போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். சிரித்தாள், அழுதாள், பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, சனிக்கிழமை மெயின் ரோல் நான்தான் பண்றேன். ரெண்டு பேரும் ஃப்ளைட் பிடிச்சு வந்துருங்க."

"சனிக்கிழமையா கண்ணு?" அம்மா வசந்தாமணியின் பின்னால் குக்கர் விசிலடித்தது. அன்றைக்குப் பொங்கல். "அன்னிக்குத்தான கோயில்ல பொங்கல் விழா வெச்சிருக்குது. அப்பாதான் இந்த வருஷம் பிரசிடென்ட்டு. முந்நூறு பேருக்குச் சாப்பாடு."

"ஆறு வருஷம்மா. ஆறு வருஷமா வெயிட் பண்ணியிருக்கேன்."

"தெரியுது கண்ணு. வந்தாலும் அந்தப் பாட்டு எங்களுக்கு என்ன புரியப்போகுது? ஒரே கத்தலாட்ட இருக்குது. வயசும் முப்பத்திமூணு ஆச்சு, அதைப் பத்தி ஒரு நாளாச்சும் நீ..."

கயல் போனை அறைந்து வைத்தாள். காது மடல் சுட்டது. அந்தச் சூட்டோடு அலமாரிக்குள் போய் மூன்றாம் அங்கத்தின் பெரிய பாட்டை எடுத்தாள். கோபத்தில்தான் அவள் எப்போதுமே நன்றாகப் பாடுவாள். அவளுடைய உச்சஸ்வரம் தொண்டையிலிருந்து வரவில்லை, ஆத்திரத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரம்மாளே சொல்வாள். மூச்சை இழுத்து, வயிற்றை இறுக்கி, உச்சத்துக்கு ஏறினாள். அங்கே ஒன்றும் இல்லை.

பிசிறவில்லை, கம்மவில்லை. இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறதென்று காலை வைத்து வெறும் தரையை மிதிக்கிற மாதிரி, அந்த ஸ்வரம் இருந்த இடம் காலியாக இருந்தது. மறுபடி முயன்றாள். காலி. கோட்டுகளுக்கு நடுவே அசையாமல் நின்றபோது, கூடத்துச் சுவரிலிருந்து, மெல்ல, ஒரு ஊசி முனையளவு, அந்த ஸ்வரம் கேட்டது. யாரோ அதை நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

ரேடியோ எதுவோ கம்பியில் கலக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தேனும் வெந்நீரும் குடித்துவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் அதற்குக் கீழே மூன்று ஸ்வரங்கள் போயிருந்தன. ஆற்றுக்கடியில் போகும் ரயிலைப் பிடித்து மன்ஹாட்டனில் தொண்டை டாக்டரிடம் ஓடினாள். மூக்கு வழியாகக் குழாயை விட்டுப் பார்த்து, டிவியில் அவளுக்கே காட்டினார் அவர். வெள்ளை வெளேரென்று இரண்டு குரல்நாண்கள், ஒரு குறை இல்லை. இவ்வளவு ஆரோக்கியமான தொண்டையை இந்த மாதம் பார்க்கவில்லை, பயத்தை விடுங்கள் என்று முதுகில் தட்டி அனுப்பினார். பயமா? அவளுக்கு அந்தக் குழாயைப் பிடுங்கி அவர் மூக்கில் விட வேண்டும் போலிருந்தது.

திரும்பி வரும்போது தபால் பெட்டியருகே ருக்மிணி ஆன்ட்டி நின்றிருந்தாள். மயிலாப்பூர்க்காரி. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னிக்கு என்னமா பாடினே கயல். அந்தக் கத்தல் கித்தல் ஒண்ணுமே இல்லை. கேட்டுண்டே சமையல் பண்ணினேன்."

"எப்போ ஆன்ட்டி?"

"இப்பத்தான், ஒரு மணி நேரமா. நிறுத்தாம பாடிண்டே இருந்தியே." ஆன்ட்டி இவளுடைய கோட்டையும் பூட்ஸில் ஒட்டியிருந்த பனியையும் பார்த்தாள். கடிதங்களை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

வீட்டுக்குள் எதுவும் கலைந்திருக்கவில்லை. கோட்டு அலமாரி மட்டும் திறந்திருந்தது. இண்டர்காம் பெட்டியின் துளைகளிலிருந்து அந்துருண்டை வாசனை வந்தது.

வெள்ளிக்கிழமை தியேட்டரில் பியானோவோடு ஒரே ஒரு ஒத்திகை. கயலிடம் அப்போது பேச்சுக்குரல் மட்டும்தான் மீதி இருந்தது, அதிலும் பாதி. நின்றாள், உதட்டை அசைத்தாள், கைகளை அசைத்தாள், இடம் மாறி நின்று காட்டினாள். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. கவர் என்றால் மார்க்தானே பண்ணுவாள். "நல்லது, எல்லாவற்றையும் நாளைக்கு வைத்துக்கொள்," என்றார் வாத்தியக்குழுவை நடத்தும் கண்டக்டர், அவள் முகத்தைப் பார்க்காமலே. ஆறு வருஷம் அவள் சத்தமில்லாமல் நின்றதற்கும் இன்றைக்கு நிற்பதற்கும் இந்த ஜென்மங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த நிமிஷம் இன்னொருத்திக்குப் பேஜர் அடிப்பார்கள், அதோடு இவள் கதை முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள்.

"நேத்து நீ பேசினதுல இருந்து மனசு எவ்வளவு லேசா இருக்குது தெரியுமா கண்ணு. அப்பாவுக்குக் கண்ணே கலங்கிப்போச்சு."

கயல் நேற்று அம்மாவைக் கூப்பிடவே இல்லை.

"எப்பவும் வெடுக்கு வெடுக்குன்னுதான பேசுவ. நேத்து பாரு, எத்தனை பதமா, தப்பெல்லாம் எம்மேலதாம்மான்னு... இப்படியே இரு கண்ணு. இந்தக் குரல்தான் உனக்கு அழகு."

"அது நான் இல்லம்மா," என்றாள் கயல். காற்றுதான் வந்தது.

"என்ன கண்ணு? லைன் சரியில்ல போல. ஒண்ணுமே கேக்கல."

"அம்மா, அது நான் இல்ல."

"சரி, நாளைக்கு நல்லாப் பாடு. வெச்சர்றேன்."

போனை வைத்த கையோடு அவள் இண்டர்காம் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. பேசுகிற பொத்தானைக் கட்டைவிரல் வெளுக்க அமுக்கி, உள்ளே மிச்சமிருந்த அவ்வளவையும் திரட்டி, "என் குரலைத் திருப்பிக் குடுடீ," என்றாள். முதல் வார்த்தைக்கு ஓசை இருந்தது. கடைசி வார்த்தைக்கு இல்லை.

பெட்டி கொஞ்ச நேரம் மூச்சுவிட்டது. பிறகு அவளுடைய குரலிலேயே, அவள் ஒரு நாளும் பேசியறியாத கனிவோடு, பதில் சொன்னது.

"நீங்கதானக்கா குடுக்கறேன்னீங்க. ரெண்டு தடவை கேட்டேனே."

இரவு முழுக்க அது பாடியது. மெதுவாக, பக்கத்து வீட்டுக்கு உறுத்தாமல். முதல் அங்கம், இரண்டாம் அங்கம், மூன்றாம் அங்கம். அவள் பிசகுகிற இடங்களில் அது பிசகவில்லை. ராஜகுமாரியின் சாபத்தைத் தாலாட்டு மாதிரி பாடியது. கயல் கட்டிலில் விழித்துக் கிடந்தாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவள் கோபத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அது அப்படியே அவளிடம் இருந்தது.

சனிக்கிழமை. பத்தே முக்கால். வெயில் பனியில் பட்டுக் கண் கூசியது.

பெட்டி அமைதியாக இருந்தது. வாசலில் நின்றுதானே பேசுகிறாள், அங்கேயே போய்க் கழுத்தைப் பிடிக்கிறேன் என்று கயல் கிளம்பினாள். வீட்டுச் செருப்பு, பழைய ஸ்வெட்டர், வாராத தலை. வேறு எதுவும் தோன்றவில்லை. மூன்று மாடி இறங்கி, கண்ணாடி போட்ட வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். பொத்தான் பலகைக்கு முன்னால் யாரும் இல்லை. தெருவில் யாரும் இல்லை. பின்னால் கதவு கிளிக் என்று பூட்டிக்கொண்டது.

சாவி மேலே இருந்தது.

ருக்மிணி ஆன்ட்டியின் பொத்தானை அமுக்கினாள். "யாரு?" என்றாள் ஆன்ட்டி. கயல் வாயைத் திறந்தாள். தொண்டையில் காற்று உரசியது. "யாருன்னு கேக்கறேனே?" என்றாள் ஆன்ட்டி மறுபடி, பிறகு வைத்துவிட்டாள். இன்னொரு வீடு. அங்கே ஆளில்லை. கால்விரல்கள் மரத்துப்போயின. கடைசியாக அவளுடைய வீட்டுப் பொத்தான்தான் மிச்சம். காலி வீடு. ஏன் அமுக்குகிறோம் என்று தெரியாமலே அமுக்கினாள்.

உடனே எடுத்தார்கள்.

"யாரு?" என்றது அவள் குரல். "குரல் குடுங்க. குரல் குடுத்தாத்தான் கதவு திறக்க முடியும்."

அவள் கத்தினாள். வயிற்றிலிருந்து, முதுகிலிருந்து, எட்டு வருஷம் படித்த படிப்பிலிருந்து கத்தினாள். செவ்வாய்க்கிழமை பெட்டியில் கேட்டாளே, அதே சத்தம். சளி கட்டிய தொண்டையில் உரசுகிற வெறும் காற்று. அது இப்போது அவள் வாயிலிருந்து வந்தது.

கறுப்புக் கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கினான். கயல் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். தன்னைக் காட்டினாள், காரைக் காட்டினாள், தொண்டையைக் காட்டினாள். அவன் அவளுடைய செருப்பைப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு டாலரை எடுத்து அவள் கையில் திணித்துவிட்டு, விலகிப்போய்ப் பொத்தானை அமுக்கினான்.

"மிஸ் சேனாபதி?"

"இதோ வருகிறேன்," என்றது அவள் குரல், இசை மாதிரியான ஆங்கிலத்தில். டிரைவர் தன்னையறியாமல் சிரித்தான். போய்க் காரின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியில் படிந்த பனியைத் துடைக்க ஆரம்பித்தான்.

மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. கிறீச். அவள் வீட்டுக் கதவு. பிறகு படிகள். பதினான்கு. திருப்பம். பதினான்கு. திருப்பம். கூடவே ஒரு முணுமுணுப்பு, ஸ்வரம் ஸ்வரமாக ஏறி இறங்கி, தொண்டையைச் சூடாக்கிக்கொள்கிற பாடகியின் முணுமுணுப்பு. கடைசிப் பதினான்கு.

கண்ணாடிக்கு அப்பால் அவளுடைய சாம்பல் நிறக் கோட்டு. அவளுடைய தொப்பி, புருவம் வரை. அவளுடைய சிவப்புக் கம்பளிச் சால்வை, தொண்டைக்குக் குளிர் படக் கூடாதென்று எல்லாப் பாடகிகளும் சுற்றிக்கொள்கிற மாதிரி, மூக்குக்கு மேல் வரை. நடுவில் இரண்டு கண்கள்.

கதவு திறந்தது. அந்துருண்டை வாசனை.

கயல் பாய்ந்தாள். சால்வையை இரண்டு கைகளாலும் பற்றிப் பிடுங்கினாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றும் கையோடு வந்தது.

மூக்குக்குக் கீழே வாய் இல்லை. வாய் இருந்ததற்கான கோடுகூட இல்லை. முழங்கால் மாதிரி வழவழவென்று ஒரே தோல். அந்தத் தோலுக்கு அடியில், கழுத்தில், ஏதோ ஒன்று மேலும் கீழும் நழுவிக்கொண்டிருந்தது. அங்கிருந்துதான் குரல் வந்தது. முழுசாக. அவளுடையது.

"ரொம்ப நன்றிக்கா."

அது அவள் கைகளிலிருந்து சால்வையைப் பதமாக வாங்கி, ஒவ்வொரு சுற்றாகத் திரும்பச் சுற்றிக்கொண்டது. இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது. ருக்மிணி ஆன்ட்டி தலையை நீட்டி, "கயல், ஆல் தி பெஸ்ட்," என்றாள். கோட்டு நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தது. "தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றது. வாராத தலைமயிர் முகத்தை மறைக்கச் செருப்போடு பனியில் நின்றவளை ஆன்ட்டி பார்த்து முகத்தைச் சுளித்து ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

கோட்டு படியிறங்கியது. காரில் ஏறும் முன் நின்றது. நம் வீட்டுப் பெண்கள் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. அதுவும் சொல்லவில்லை.

"போயிட்டு வரேங்க்கா."

டிரைவர் கதவைச் சாத்தினான். ஏற்றிவிட்ட கண்ணாடிக்குள்ளிருந்து, மூச்சு எடுக்காமல், அந்த உச்சஸ்வரம் கிளம்பியது. கார் முனை திரும்பிய பிறகும் அது நிற்கவில்லை. கயல் பொத்தான் பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள்.